பத்துத் தோல்விகளைப் பொறுத்த ஊர்

1989-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 30-ஆம் தேதி, அமெரிக்காவின் நடுப்பகுதியில், மேய்ச்சல் குன்றுகளும் கோதுமை வயல்களும் சூழ்ந்த மன்ஹாட்டன் என்னும் ஊரில், அதாவது நியூயார்க் மன்ஹாட்டனோடு பெயரளவில் மட்டுமே சம்பந்தமுள்ள கான்ஸாஸ் மாகாணத்து மன்ஹாட்டனில், கான்ஸாஸ் ஸ்டேட் சர்வகலாசாலையின் கால்பந்து அணி, நார்த் டெக்ஸாஸ் அணியோடு ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் உள்ளூர் அணி 14-க்கு 17 என்று பின்தங்கி நின்றது. கடைசி முறையாகப் பந்து கைக்கு வந்தபோது, கார்ல் ஸ்ட்ரா என்ற ஆட்டக்காரர் அதை எறிய, ஃபிராங்க் ஹெர்னாண்டஸ் என்பவர் எல்லைக்கோட்டைத் தாண்டிய பகுதியில் அதைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபோது கடிகாரத்தில் ஒரு விநாடிகூட மிச்சமில்லை. 20-க்கு 17. முப்பது ஆட்டங்களாக, 1986-ஆம் வருஷத்து அக்டோபர் மாதத்திலிருந்து, வெற்றி என்ற ஒன்றின் முகத்தையே பாராதிருந்த அணி அன்று ஜயித்தது.

அந்த வருஷத்தில் அவர்களுக்குக் கிட்டிய ஒரே வெற்றியும் அதுவே. மற்றப் பத்து ஆட்டங்களிலும் தோல்வி. ஆயினும் அந்தப் பதினோரு ஆட்டங்களை இன்று திரும்பிப் பார்க்கும்போது, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் சரித்திரத்திலேயே மகத்தானதொரு புனர்நிர்மாணம் தொடங்கிய காலம் அது என்று சொல்லத் தோன்றுகிறது. அது எவ்வாறு நிகழ்ந்தது, யார் யார் எதை எதைப் பொறுத்துக்கொண்டார்கள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், நூறு கெஜ நீளமுள்ள மைதானத்தில் அங்குலம் அங்குலமாக எதிரியின் நிலத்தைக் கைப்பற்றிச் செல்லும் ஆட்டம். ஒரு சமயத்தில் களத்தில் நிற்பவர் பதினோரு பேர்தாம் என்றாலும், தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு ஒரு கூட்டம், பந்தை உதைப்பதற்குச் சிலர், காயமுற்றவர்களுக்கு மாற்றாகப் பலர் என்று, ஓர் அணியில் ஏறத்தாழ நூறு பேர் இருப்பார்கள். தொழில்முறை அணி இல்லாத எத்தனையோ ஊர்களில், சர்வகலாசாலை அணிதான் ஊரின் கௌரவம். சனிக்கிழமைகளில் ஊர் முழுவதும் ஒரே வர்ணத்தில் உடுத்திக்கொண்டு மைதானத்தை நோக்கிச் செல்வதைப் பார்த்தவர்களுக்கு, நம் ஊர்த் தேர்த்திருவிழா நினைவுக்கு வந்தால் அதில் வியப்பில்லை.

இந்த ஆட்டத்தில் வீழ்ந்த அணியை எழுப்புவதற்குக் காலம் பிடிப்பதன் காரணம், பயிற்சியாளரின் திறமைக் குறைவோ மாணவர்களின் சோம்பலோ அன்று. ஏற்பாட்டிலேயே அது அடங்கியிருக்கிறது. புதிதாக வரும் பயிற்சியாளர் தமக்கு முன் இருந்தவர் தேர்ந்தெடுத்த பிள்ளைகளை வைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும். தாமே தேடிப் பிடித்துச் சேர்க்கும் பதினெட்டு வயதுப் பையனோ, இருபத்திரண்டு வயதுத் தடியர்களுக்கு எதிரே நிற்கும் தேகபலம் இன்னும் பெறாதவன். ஒருவன் நான்கு பருவங்கள் ஆடலாம். ஆனால் அவற்றை ஐந்து வருஷங்களில் ஆடி முடிக்கலாம் என்பது வெகுகாலமாக இருந்துவந்த விதி. ஆகவே பொறுமையுள்ள பயிற்சியாளர் முதல் வருஷம் அவனைக் களத்தில் இறக்காமல், உண்ணவும் உடலை உரமாக்கவும் பாடம் படிக்கவும் விட்டுவைப்பார். அவ்வாறு நட்டது காய்க்கும் காலத்தைக் கணக்கிட்டால், பயிற்சியாளர் வந்த நான்காவது அல்லது ஐந்தாவது வருஷமாகிறது. அதற்குள் அவரையே நீக்கிவிட்டால், அடுத்து வருகிறவர் மறுபடியும் விதைப்பிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கான்ஸாஸ் ஸ்டேட்டில் பல தலைமுறைகளாக நடந்தது இதுவே. வருஷந்தோறும் தமக்குள் ஆடிப் பட்டத்துக்குப் போட்டியிடும் அணிகளின் கூட்டத்தைக் குழுமம் என்பார்கள்; தங்கள் குழுமத்தில், 1989-க்கு முன், அவர்கள் கடைசியாக முதலிடம் பெற்றது 1934-இல். உயர்தரப் பிரிவில் ஐந்நூறு ஆட்டங்களைத் தோற்ற முதல் அணி என்ற பெயரும் அவர்களுக்கே உரியதாயிற்று. இடையில் ஜிம் டிக்கி என்ற பயிற்சியாளர் விசித்திரமான உபாயம் ஒன்றைக் கையாண்டார்: 1981-இல் தம்முடைய சிறந்த மூத்த ஆட்டக்காரர்கள் சிலரை வேண்டுமென்றே ஆடவிடாமல் நிறுத்திவைத்து, 1982-இல் அவர்கள் அனைவரையும் ஒருங்கே களத்தில் இறக்கினார். அந்த வருஷம் அணி, பருவத்தின் முடிவில் சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் கௌரவப் போட்டிகளுள் ஒன்றுக்கு, முதல் தடவையாக அழைக்கப்பட்டது. ஆனால் அடுத்த வருஷமே மூன்று வெற்றிகளுக்கு இறங்கிவிட்டது. ஒரு வருஷத்திடமிருந்து கடன் வாங்கி மறு வருஷத்துக்குச் செலவிடுவதும் வெளிப்பார்வைக்குப் பொறுமை போலவே தோன்றும்; என் அபிப்பிராயத்தில் அது பொறுமையாகாது. டிக்கிக்குப் பின் வந்தவர் மூன்று வருஷங்களில் இரண்டே ஆட்டங்களில் ஜயித்தார். 1989-ஆம் வருஷப் பருவம் தொடங்கியபோது, 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' என்ற பெரும் பத்திரிகை, வீண்முயற்சிக்கென்றே ஏற்பட்ட சர்வகலாசாலை என்று பொருள்படும் தலைப்பிட்டு, தேசத்திலேயே மிக மோசமான அணி இதுதான் என்று எழுதியது.

சர்வகலாசாலையின் தலைவராக 1986-இல் வந்திருந்த ஜான் வீஃபால்ட், கால்பந்து அணியின் அவமானத்தை வெறும் விளையாட்டு விஷயமாகக் கருதவில்லை. மாணவர் தொகை குறைந்துகொண்டு வந்தது. நெப்ராஸ்கா, ஒக்லஹோமா போன்ற பெரும் அணிகள் இருந்த 'பிக் எய்ட்' என்ற குழுமத்திலிருந்தே வெளியேற நேருமோ என்ற அச்சமும் இருந்தது. அவரும், விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்டீவ் மில்லரும் 1988-ஆம் வருஷ முடிவில் தேர்ந்தெடுத்தவர், அதுகாறும் எந்தப் பெரிய சர்வகலாசாலையிலும் தலைமைப் பயிற்சியாளராக இருந்திராத, நாற்பத்தொன்பது வயதான பில் ஸ்னைடர்.

இந்தத் தேர்வைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஸ்னைடர் பெரும்புகழ் வாய்ந்தவர் அல்லர். கூட்டத்தை மயக்கும் பேச்சு வன்மையும் அவரிடம் கிடையாது. ஆனால் ஹேடன் ஃப்ரை என்ற பயிற்சியாளரின் கீழ், முதலில் நார்த் டெக்ஸாஸிலும் பிறகு அயோவாவிலும் அவர் உதவியாளராக உழைத்திருந்தார். அந்த அயோவா, 1961-க்குப் பிறகு தோல்விகளைவிட அதிகமான வெற்றிகளை ஒரு வருஷத்திலும் கண்டிராத அணி; ஃப்ரையின் முதல் இரண்டு வருஷங்களிலும் காணவில்லை; மூன்றாவது வருஷமாகிய 1981-இல் திடீரென்று உயர்ந்து, புகழ்பெற்ற ரோஸ் பௌல் போட்டிக்கே சென்றது. செழிப்பான இடத்தில் வென்று பழகியவருக்கு, வறண்ட இடத்தில் முதல் வருஷத்தில் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெரியாது. ஸ்னைடர் தரிசு விளைநிலமாவதைக் கிட்ட இருந்து கண்டவர். வீழ்ந்த அணிக்குப் பயிற்சியாளரைத் தேடுகிறவர்கள் இந்த அநுபவம் ஒன்றையே முதற்கண் நாட வேண்டும் என்பேன். அவருடைய முதல் வெற்றி, தாம் முன்பு வேலை பார்த்த நார்த் டெக்ஸாஸுக்கு எதிராகவே வாய்த்தது தற்செயல்தான்.

ஒரு வெற்றி, பத்துத் தோல்வி. மறு வருஷம் ஐந்து வெற்றி. 1991-இல் ஏழு. ஆஹா, வந்துவிட்டோம் என்று ஊர் மூச்சு விட்டபோது, 1992-இல் மீண்டும் ஐந்துக்கு இறங்கியது. இந்த நான்காவது வருஷம்தான் உண்மையான பரீட்சை என்று நினைக்கிறேன். முதல் வருஷத்துத் தோல்வியை யாரும் மன்னிப்பார்கள்; நம்பிக்கை துளிர்த்த பின் வரும் தோல்வியை மன்னிப்பது வெகு கடினம். நிர்வாகம் அசையவில்லை. 1993-இல், அதாவது ஸ்னைடர் தாமே சேர்த்த பிள்ளைகள் முதிர்ந்த ஐந்தாவது வருஷத்தில், ஒன்பது வெற்றிகளோடு காப்பர் பௌல் போட்டியில் வயோமிங் அணியை 52-க்கு 17 என்று தோற்கடித்தார்கள். அத்தகைய கௌரவப் போட்டியில் அந்தச் சர்வகலாசாலை ஜயித்தது அதுவே முதல் தடவை.

அந்த ஐந்து வருஷங்களில் அவர் செய்தவை யாவும் பார்ப்பதற்குச் சிறியவை. பெரிய சர்வகலாசாலைகள் விரும்பி அழைக்கும் இளைஞர்கள் தம்மிடம் வரமாட்டார்கள் என்பதை உணர்ந்து, இரண்டு வருஷப் படிப்பு மட்டும் உள்ள சிறு கல்லூரிகளில் தேடினார். வயதும் உடலும் முதிர்ந்து, மறுபடியும் ஒரு சந்தர்ப்பத்துக்காக ஏங்கி நிற்கும் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். குழுமத்துக்கு வெளியே ஆடும் ஆட்டங்களில் வலிமை குறைந்த அணிகளையே தேடி அழைத்தார். இதைப் பலர் பரிகாசம் செய்தார்கள். எனக்கு அந்தப் பரிகாசத்தில் உடன்பாடில்லை: வருஷக்கணக்கில் தோற்றே பழகிய பிள்ளைகளுக்கு, வெல்வது என்றால் எப்படியிருக்கும் என்பதை முதலில் உடலால் உணர்த்த வேண்டியிருக்கிறது. அணிக்கென்று பதினாறு இலட்சியங்களை அவர் வகுத்தார். ஒன்றிலேனும் இத்தனை ஆட்டங்களை ஜயிக்க வேண்டும் என்ற கணக்கு கிடையாது. தன்னலமின்மை, ஒற்றுமை, தினந்தோறும் கொஞ்சம் முன்னேறுவது என்பன போன்றவையே அவை.

மற்றொன்று, அவர் எழுதிய கடிதங்கள். அணியின் வர்ணமாகிய ஊதா நிற மையில், தம் கைப்படவே, ஆட்டக்காரர்களுக்கும் அபிமானிகளுக்கும் மட்டுமன்றி, எதிரணியில் நன்றாக ஆடியவனுக்கும் காயமுற்றவனுக்கும்கூட அவர் எழுதுவது வழக்கமாயிருந்தது. தம் அணியைத் தோற்கடித்த அணியின் பிள்ளை ஒருவனுக்குக் கடிதம் எழுத மேஜைக்கு முன் அமரும் மனிதர், அந்தத் தோல்வியை எவ்வாறு எடுத்துக்கொண்டிருப்பார் என்பதை நம்மால் ஊகிக்க முடிகிறது.

இதே காலத்தில் வர்ஜீனியா டெக் என்ற சர்வகலாசாலையில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லாமல் விட மனமில்லை. அங்கே படித்து அங்கேயே ஆடிய ஃபிராங்க் பீமர், 1987-இல், முன்னிருந்தவர் காலத்துத் தவறுகளுக்குரிய தண்டனையை அணி அநுபவித்துக்கொண்டிருந்த வேளையில் பயிற்சியாளரானார். ஆறாவது வருஷமாகிய 1992-இல் அவர் பெற்றவை இரண்டே வெற்றிகள். எந்த ஊரிலும் அதற்குமேல் காத்திருக்கமாட்டார்கள். விளையாட்டு இயக்குநராயிருந்த டேவ் பிரெய்ன் காத்திருந்தார். ஆனால் கைகட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. பீமரை வைத்துக்கொண்டு உதவிப் பயிற்சியாளர்களை மாற்றும்படி செய்தார். வேர் நன்றாயிருக்க, கிளை பழுதாயிருக்கிறது என்று பிரித்தறிந்த அந்த விவேகத்தின் பயனாக, மறு வருஷமே ஒன்பது வெற்றிகள் கிடைத்தன. 1993 முதல் 2015-இல் பீமர் ஓய்வு பெறும் வரை, இருபத்துமூன்று வருஷங்கள் ஒன்றுகூடத் தவறாமல் அவருடைய அணி பருவ முடிவுப் போட்டிகளுக்குச் சென்றது.

இப்போது காலம் மாறிவிட்டது. மாணவர்கள் ஒரு சர்வகலாசாலையிலிருந்து மற்றொன்றுக்கு, ஒரு வருஷத்தையும் இழக்காமல் மாறிச் சென்று உடனே ஆடலாம் என்று விதிகள் தளர்த்தப்பட்டன. இதனால் ஒரே வருஷத்தில் அணியைத் திருப்பிவிடவும் முடியும் என்பதற்கு, பல காலம் தோல்வியிலேயே கிடந்த இண்டியானா சாட்சி. 2024-இல் அங்கே வந்த கர்ட் சிக்னெட்டி, தம் பழைய அணியிலிருந்து பலரைத் தம்முடனேயே அழைத்து வந்து, முதல் வருஷத்திலேயே பதினோரு வெற்றிகளைப் பெற்றார். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதைக் கண்டு ஒவ்வொரு நிர்வாகமும் தனக்கும் அவ்வாறே நேர வேண்டும் என்று துடிக்கும்போது என்ன ஆகிறது என்பதையும் பார்க்கிறோம். டெக்ஸாஸ் ஏ அண்டு எம் சர்வகலாசாலை 2023-இல் தன் பயிற்சியாளரை நடுவில் நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டிய தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல்! ஒரு மனிதரை வேலை செய்யாதிருக்கச் சொல்வதற்காக அத்தனை பணத்தை ஒரு கல்வி ஸ்தாபனம் கொடுப்பதை எண்ணும்போது மனம் வருந்துகிறது.

கான்ஸாஸ் ஸ்டேட்டின் கதைக்குத் திரும்புவோம். 1998-இல் அவர்கள் பதினோரு ஆட்டங்களையும் ஜயித்தார்கள். 1968-க்குப் பிறகு முதல் தடவையாக நெப்ராஸ்காவை 40-க்கு 30 என்று வென்றார்கள். டிசம்பரில் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த குழுமப் பட்டத்துக்கான போட்டியை ஜயித்திருந்தால், தேசத்தின் முதலிடத்துக்கே ஆடியிருக்கலாம். இறுதிக் கால்பகுதி தொடங்கும்போது 27-க்கு 12 என்று முன்னின்றவர்கள், சமநிலைக்கு இறங்கி, இரண்டாவது கூடுதல் ஆட்டத்தில் 33-க்கு 36 என்று தோற்றார்கள். அந்த ஊரில் அந்தத் தோல்வியை இன்னும் பேசுகிறார்கள்.

ஐந்து வருஷங்கள் கழிந்தன. 2003-ஆம் வருஷம் டிசம்பர் 6-ஆம் தேதி, கான்ஸாஸ் சிட்டியில், அதே குழுமப் போட்டி. எதிரே நின்றது அதுவரை தோல்வியே காணாமல் தேசத்தின் முதலிடத்தில் இருந்த ஒக்லஹோமா. அதன் பயிற்சியாளர் பாப் ஸ்டூப்ஸ், 1989-இல், அந்தப் பத்துத் தோல்விகளின் வருஷத்தில், ஸ்னைடரிடம் உதவியாளராக வந்து சேர்ந்தவர். கான்ஸாஸ் மாகாணத்திலேயே வளர்ந்தவரும், ஐந்தரை அடி உயரமே உள்ளவருமான டேரன் ஸ்ப்ரோல்ஸ் அன்று பந்தை ஏந்தி 235 கெஜ தூரம் ஓடினார். கான்ஸாஸ் ஸ்டேட் 35, ஒக்லஹோமா 7. 1934-க்குப் பிறகு முதல் தடவையாகப் பட்டம் மன்ஹாட்டனுக்கு வந்தது. ஸ்னைடர் அப்போது பதினைந்தாவது வருஷத்தில் இருந்தார்.