கரும்பொருளும் ஓர் இரவு வகுப்பு மாணவியும்

1950களில் வாஷிங்டனில் வசித்த வேரா ரூபினுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் இரவு வகுப்பு. கணவர் கொண்டுவிட்டு, காரிலேயே சாப்பிட்டுக் காத்திருப்பார். குழந்தைகள் பாட்டி வசம். (பாட்டியை ஊரில் விட்டு வந்த நமக்கு அதன் அருமை தெரியும்.)

வழிகாட்டி, பிரபஞ்சத்தின் பிறப்பை ஆராய்ந்த ஜார்ஜ் காமாவ். காலக்ஸி எனப்படும் நட்சத்திரத் திரள்கள் வானில் சீராகப் பரவாமல் கும்பல் கும்பலாக உள்ளன என்று ரூபின் சொன்ன 1954ஆம் ஆண்டு ஆய்வேட்டை அன்று அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை.

1970இல் கென்ட் ஃபோர்டுடன் சேர்ந்து ஆண்ட்ரோமீடா காலக்ஸியின் சுழற்சியை அளந்து வெளியிட்டார். சூரியனுக்கு அருகிலுள்ள புதன் நொடிக்குச் சுமார் 47 கி.மீ. ஓடுகிறது, தொலைவிலுள்ள நெப்டியூன் 5 கி.மீ.தான். ஆண்ட்ரோமீடாவிலோ விளிம்பிலும் வேகம் தளரவில்லை! அத்தனை வேகத்தில் சிதறாமல் பிடித்து வைப்பது எது? ஒளி விடாத ஏதோ ஒன்று. அதுவே கரும்பொருள்; அணுக்களாலான பொருளைப்போல் சுமார் ஐந்து மடங்கு. ஆதிப் பிரபஞ்சத்தில் அதன் ஈர்ப்பு வாயுவைத் திரட்டியதால்தான் காலக்ஸிகள் பிறந்து கும்பலாயின என்பது இன்றைய விளக்கம். ஆம், அந்தப் பழைய ஆய்வேட்டின் கும்பல்தான்.

கரும்பொருள் எதனால் ஆனது என்பது இன்னும் பிடிபடவில்லை. ரூபின் 2016இல் காலமானார். சிலி நாட்டில் அவர் பெயரால் அமைந்த வானோக்கு நிலையம் 2025இல் முதல் படங்களை வெளியிட்டது.