பத்து பிரண்டாம் விமானம் வீட்டு மேசையில்

சுங்கை ஊடாங்: பள்ளி விடுமுறையில் பிள்ளை கைப்பேசியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் பெற்றோருக்கு ஒரு யோசனை. விமானம் ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். கடையில் பெட்டியாக வாங்கி ஒட்டுவது அல்ல. வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு துண்டையும் தானே அளந்து, வெட்டி, சேர்ப்பது.

எந்த விமானம்? போயிங் வேண்டாம். நம் மலாக்காவிலேயே செய்த சிறு விமானம் ஒன்று உண்டு. பெயர் ஈகல் 150. 1980களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் உருவான வடிவம் அது. பிறகு சிடிஆர்எம் நிறுவனம் அதைப் பத்து பிரண்டாமில் உள்ள தன் தொழிற்சாலையில் தயாரித்தது. இருவர் அருகருகே அமரலாம். 125 குதிரைத்திறன் இயந்திரம். உடல் அலுமினியம் அல்ல. இழைத்துணியைப் பிசினில் ஊறவைத்து அச்சில் படியவைத்துச் செய்த கூட்டுப்பொருள். அந்த விமானம் சந்தையில் நிலைக்கவில்லை, ஆனால் அந்தக் கைவேலை நிலைத்தது. ஏர்பஸ் ஏ320 விமானத்தின் இறக்கைப் பாகங்களைச் செய்யும் நிறுவனமாக சிடிஆர்எம் வளர்ந்தது. பத்து பிரண்டாம் பக்கம் தினமும் போய் வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வடிவத்திலும் ஈகல் தனி ரகம். மூக்கருகே ஓர் இறக்கை, நடுவில் முதன்மை இறக்கை, வாலில் இன்னொன்று. படத்தைக் காட்டினால் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிடும்.

இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 7.16 மீட்டர், நீளம் 6.45 மீட்டர். பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் 71.6 சென்டிமீட்டர், 64.5 சென்டிமீட்டர். சாப்பாட்டு மேசையில் அடங்கும். இனிதான் வேடிக்கை. முழுச் சுமையோடு அந்த விமானம் சுமார் 650 கிலோ. அப்படியானால் மாதிரி 65 கிலோவா? பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஆமாம் என்றே சொல்லும். நீளம், அகலம், உயரம் மூன்றுமே பத்தில் ஒன்றாகிறது. ஆகவே எடை ஆயிரத்தில் ஒன்று, அதாவது 650 கிராம். இறக்கையின் பரப்போ நூறில் ஒன்றுதான். எடை குறைந்த அளவுக்குப் பரப்பு குறையவில்லை என்பதால், மாதிரியின் இறக்கையில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் பத்தில் ஒரு பங்கு சுமையையே தாங்குகிறது. அதனால் அது மெதுவாகவே பறக்க முடியும். பெரிய விமானம் 100 கிலோமீட்டர் வேகத்தில் செய்வதை மாதிரி சுமார் 32 கிலோமீட்டர் வேகத்தில் செய்துவிடும். வர்க்கம், கனம், வர்க்கமூலம் மூன்றும் ஒரே மேசையில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. இதைவிட நல்ல கணக்கு டியூஷன் எனக்குத் தெரியாது.

பொருளுக்கு அதிகச் செலவில்லை. எழுதுபொருள் கடையில் கிடைக்கும் 5 மில்லிமீட்டர் நுரை அட்டை போதும். பக்கவாட்டுத் தோற்றம், மேல் தோற்றம், முன் தோற்றம் என மூன்று படங்களைப் பெரிதாக்கி அச்சிட்டுக்கொள்ளுங்கள். உடம்பைப் பலாப்பழம் அறுப்பதுபோல் குறுக்கே துண்டு துண்டாகக் கற்பனை செய்து, ஒவ்வொரு குறுக்குவெட்டையும் அட்டையில் வெட்டி வரிசையாக நிறுத்தி, மேலே மெல்லிய பட்டைகளைப் போர்த்த வேண்டும். கத்தியின் அலகு புதிதாக இருக்கட்டும்; மழுங்கியது நுரையை வெட்டாது, பிய்க்கும். இறக்கைக்குள் முதுகெலும்பாக மூங்கில் சீவல் ஒன்றை வையுங்கள். வாவ் பட்டம் கட்டுகிறவர்கள் நம் பக்கம் நம்பும் அதே மூங்கில்தான்.

பசையில் கவனம் தேவை. நான் செய்த முதல் மாதிரியின் மூக்கு, சூப்பர் குளூ பட்டதும் என் கண்முன்னே கரைந்து குழியாகிவிட்டது. அந்தப் பசை நுரையைத் தின்றுவிடும். ஸ்ப்ரே சாயமும் அப்படியே. வெள்ளைப் பசை காய நேரமெடுக்கும், ஆனால் கெடுக்காது. சாயமும் தண்ணீரில் கரைவதாக இருக்கட்டும்.

பறக்கவிடும் ஆசை இருந்தால் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். சாதாரண விமானத்தில் அது இறக்கை அகலத்தின் முன் மூன்றில் ஒரு பங்குக்குள் வரும். ஈகலில் முன்னிறக்கையும் சேர்ந்து தூக்குவதால் அது இன்னும் முன்னே நகரும். மோட்டார் வைப்பதற்கு முன், அதே வடிவத்தில் ஒரு சாண் அளவு சிறு மாதிரி செய்து, மூக்கில் களிமண்ணைக் கூட்டியும் குறைத்தும் எறிந்து பார்ப்பது நல்லது. வலவன் இல்லாமல் வானில் செல்லும் ஊர்தியைப் பற்றிப் புறநானூற்றில் குறிப்பு உண்டு. தமிழ் படித்த எனக்கு அதில் பெருமைதான், ஆனால் களிமண் எவ்வளவு என்று அங்கே சொல்லவில்லை.

எங்கே பறக்கவிடுவது என்பதுதான் நம் ஊரில் சிக்கல். ஒரு பக்கம் தெரெண்டாக் ராணுவ முகாம், இன்னொரு பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, சற்றுத் தள்ளி பத்து பிரண்டாம் விமான நிலையம். 2016ஆம் ஆண்டு சிவில் விமானப் போக்குவரத்து விதிகளின்படி, ஆளில்லா விமானத்தை அனுமதியின்றி 400 அடிக்கு மேலோ, விமான நிலைய எல்லைக்குள்ளோ பறக்கவிடக் கூடாது. பாதுகாக்கப்பட்ட இடங்களுக்கு 1959ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் இருக்கிறது. ரிமோட் வைத்த மாதிரி என்றால், திடல் காலியாக இருக்கிறதே என்று இறங்கிவிடாமல் சிஏஏஎம் எனப்படும் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையால் எறியும் சிறு மாதிரிக்கு இந்தத் தொல்லை இல்லை. தலைமையாசிரியரிடம் கேட்டுப் பள்ளி மண்டபத்தை ஒரு சனிக்கிழமை காலை வாங்கிக்கொண்டால் போதும். எறிவதற்கு முன் மின்விசிறிகளை நிறுத்திவிடுங்கள்.