வாடகைக் கணிப்பொறியில் குடியேறும் செயலிகள்

நெய்யாற்றின்கரை நகராட்சியின் சேவைகள் 2024 ஜனவரியில் கே-ஸ்மார்ட் என்னும் செயலிக்கு மாறலாயின. பாறசாலை போன்ற ஊராட்சிகளுக்கு அது 2025-இல் வந்தது. இத்தகைய செயலி எதுவாயினும், இரவுபகல் ஓயாது இயங்கும் கணிப்பொறியொன்றில் குடியிருத்தல் வேண்டும். அப்பொறியைத் தொலைவிலிருந்தே வாடகைக்குப் பெறும் முறையே மேகக் கணிமை எனப்படும். வானத்து மேகத்திற்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு.

வாடகையிலும் வகையுண்டு. அமேசான் 2006-இல் தொடங்கிய ஈ.சி.2 வெறும் வீட்டைப் போன்றது. பழுது பார்த்தலும் காவலும் பெரும்பாலும் குடியிருப்பவர் பொறுப்பு. கூகிள் 2008-இல் வெளியிட்ட ஆப் எஞ்சினிலோ, நிரலை ஒப்படைத்தால் போதும். ஏனையவற்றை நிறுவனமே கவனிக்கும். ஹெரோகு, ரெண்டர் ஆகியனவும் இவ்வினத்தவையே.

மாணவர் வருகைப் பதிவுக்குச் சிறு செயலி அமைக்கும் ஆசிரியருக்குப் பின்னதே எளிது. எனினும் இலவசத்தை நம்பி இறங்குதல் தகாது. ரெண்டரின் இலவசச் சேவை, 15 நிமிடம் எவரும் அணுகாவிடில் உறங்கிவிடும். பள்ளி மணியடித்ததும் முதலில் திறப்பவர் ஏறத்தாழ ஒரு நிமிடம் காத்திருக்க நேரும். ஹெரோகுவோ 2022 நவம்பரில் இலவசத் திட்டத்தையே நிறுத்தியது; கட்டணத் திட்டத்துக்கு மாறாதோரின் செயலிகள் நின்றுபோயின. நிரலைப் பிறிதோரிடத்தில் மீண்டும் ஏற்றிவிடலாம். முன்னரே நகலெடுத்து வையாத பதிவேட்டை அவ்வாறு மீட்க இயலாது.