ஜீப் ஏன் நேராகப் போக மறுக்கிறது?

சக்கரத்தைக் கண்டுபிடித்தது மனிதனின் பெருஞ்சாதனை. அதனை வேண்டிய பக்கம் திருப்பக் கற்றது அதற்குச் சற்றும் குறையாத சாதனை. ஓடாத வண்டியால் நமக்கு நேரம்தான் நட்டம். சொன்னபடி திரும்பாத வண்டியால் உயிரே நட்டமாகும். கல்வராயன் மலைச் சாலையில் சென்றவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பாதை வளைவு மேல் வளைவாகச் செல்வது. அதற்கும் உள்ளே சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் பலவற்றிற்கு ஜீப்பே துணை. மரவள்ளிக் கிழங்கு மூட்டையும் அதில்தான் இறங்குகிறது. பிரசவ வலி கண்ட பெண்ணும் அதில்தான் இறங்குகிறாள். அத்தகைய வண்டிகள் கருணாபுரத்தில் என் தாய்மாமன் நடத்தும் பட்டறைக்கு வருவதுண்டு. விடுமுறை நாள்களில் அங்கே ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் நான், இயற்பியல் வகுப்பில் படிப்பதையே அங்கும் காண்கிறேன். அதனை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கையிலிருந்து சக்கரம் வரை

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல், அமெரிக்கப் படைக்காக வில்லிஸ் நிறுவனம் பெருமளவில் செய்த வண்டியே நம் ஜீப்பின் மூதாதை. 1945இல் தொடங்கப்பெற்ற மகிந்திரா நிறுவனம் அதனை முதலில் நம் நாட்டில் பூட்டி விற்றது. பின்னர் இங்கேயே உற்பத்தி செய்தது.

அம்மரபில் வந்த பழைய ஜீப்பில் ஓட்டுநரின் கைவிசை ஒரு நீண்ட சங்கிலியாகப் பயணம் செய்கிறது. ஸ்டியரிங் தண்டின் அடியில் உள்ள பெட்டிக்குள் திருகுபோல் பள்ளம் வெட்டிய கேம் ஒன்று சுழல்கிறது. அப்பள்ளத்தில் ஓடும் முளைகள் ஒரு நெம்புகோலை அசைக்கின்றன. அந்நெம்புகோல் டிராக் லிங்க் என்னும் கம்பியைத் தள்ளுகிறது. அது வண்டியின் குறுக்குச் சட்டத்தில் பொருத்திய பெல் கிராங்கைத் திருப்புகிறது. பெல் கிராங்கிலிருந்து இரு டை ராடுகள் புறப்பட்டு இரு சக்கரங்களையும் திருப்புகின்றன. ஒவ்வொரு சக்கரமும் தன் கிங் பின்னை அச்சாகக் கொண்டு திரும்புகிறது.

வளைவில் உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்ல வேண்டும். ஆகவே உட்சக்கரம் சற்று அதிகமாகத் திரும்ப வேண்டும். இதற்கான வழியை லாங்கன்ஸ்பெர்கர் என்ற ஜெர்மானியர் கண்டார். 1818இல் அக்கர்மன் என்பவர் அவர் சார்பில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிக்காகப் பிறந்த அம்முறையே இன்றும் கார்களில் வாழ்கிறது.

கோணங்களின் வேலை

கையை லேசாக விட்டாலும் நல்ல ஜீப் நேராகவே செல்லும். காரணம், கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கி ஏறத்தாழ 3 பாகை சாய்ந்திருப்பது. சைக்கிளின் முன் ஃபோர்க்கு சாய்ந்திருப்பதும் இதற்காகவே. இதனைக் காஸ்டர் என்பர். மேலும், இரு முன்சக்கரங்களின் முன்விளிம்பு இடைவெளி, பின்விளிம்பு இடைவெளியைவிட 3/64 முதல் 3/32 அங்குலம் வரை குறைவாக இருக்க வேண்டும். இது டோ-இன். இவ்வளவு நுண்ணிய அளவைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. டயரில் சாக்பீஸால் கோடிட்டு அளந்தே அறிய வேண்டும்.

நோயும் சோதனையும்

ஸ்டியரிங் கனமாக இருந்தால் முதலில் டயரில் காற்றைப் பார்க்க வேண்டும். பின்பு பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்னச்சை ஜாக்கியில் தூக்கி, தாங்கி வைத்துத் திருப்ப வேண்டும். அப்போதும் கனத்தால் டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு மீண்டும் திருப்ப வேண்டும். இப்போது இலகுவானால் குற்றம் கீழே. கிரீஸ் காணாத கிங் பின்னாக இருக்கலாம். இன்னும் கனத்தால் குற்றம் பெட்டியில். ஒரே ஒரு மூட்டைக் கழற்றியதால் சந்தேகம் பாதியாகிவிட்டது!

சக்கரம் நடுங்கினால், தூக்கிய சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் தெரிந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் பேரிங். பிரேக் பிடிக்கும்போது டிரம்மும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் ஒன்றாகிவிடுவதால், எஞ்சிய அசைவு கிங் பின்னில்தான் இருக்க முடியும். அதன் மேலும் கீழும் உள்ள ஷிம் தகடுகளைச் சமமாகக் குறைத்து இறுக்கலாம். இறுக்கத்தைச் சரிபார்க்கும் கருவி எது தெரியுமா? நம் ஆய்வகத்தில் இருக்கும் சுருள்வில் தராசுதான்.

வண்டி ஒரு பக்கமே இழுத்தால் இருபக்க டயர்க் காற்றையும், பிரேக் பிடித்துக்கொண்டு டிரம் சூடாகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பின்பு முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளக்க வேண்டும். வேறுபட்டால், பட்டையின் சென்டர் போல்ட் முறிந்து அச்சு நகர்ந்திருக்கலாம்.

ஆட்டம் அதிகமானால் ஒருவர் ஸ்டியரிங்கை மெல்ல இங்குமங்கும் அசைக்க, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். எந்த மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறு பக்கம் அசையவில்லையோ, அங்கே தேய்மானம். சக்கரத்தில் ஒரு பாகை ஆட்டம் ஸ்டியரிங்கில் பத்துப் பன்னிரண்டு பாகையாகப் பெருகித் தெரியும் என்பதால், சிறு தேய்வையும் அலட்சியம் செய்யக் கூடாது.

பெட்டியின் மேல் வீண்பழி

பலரும் செய்யும் தவறு, ஆட்டம் கண்டவுடன் பெட்டியின் திருகை இறுக்குவது. சென்ற ஆண்டு மலையிலிருந்து வந்த ஒரு வண்டியின் ஓட்டுநர், “அண்ணே, பெட்டி போயிடுச்சு, இன்னும் கொஞ்சம் இறுக்கிக் குடுங்க” என்றார். ஏற்கெனவே வேறிடத்தில் இருமுறை இறுக்கியிருந்தார்கள். கீழே படுத்துப் பார்த்தபோது, டை ராடு அசையுமுன் பெல் கிராங்க்கே தன் அச்சில் தள்ளாடியது. புதிய பின்னும் புஷ்ஷும் போட்ட பிறகு, மாமா பெட்டியை இறுக்கவில்லை, தளர்த்தினார்.

காரணம் இதுதான். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் கேமின் நடுப்பகுதிதான் முதலில் தேயும். எனவே அந்த நடுவிடத்தில் இடைவெளி குறைவாக இருக்குமாறே அதனைச் செய்கிறார்கள். சக்கரம் நேராக நிற்கும்போது மட்டுமே திருகைச் சரிசெய்ய வேண்டும். மிகுதியாக இறுக்கினால், வளைவு கழிந்தபின் ஸ்டியரிங் தானே திரும்பி வராது. காஸ்டர் தரும் விசையைப் பெட்டியின் உராய்வு விழுங்கிவிடும். ஆட்டமும் தீராமல் கனமும் சேரும். மலையில் இதைவிட ஆபத்து வேறில்லை.

ஆகவே டயர், பேரிங், கிங் பின், டை ராடு, பெல் கிராங்க், டிராக் லிங்க் என்று தரையிலிருந்து மேல்நோக்கிச் சோதித்து, பெட்டியை இறுதியில்தான் தொட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். வளைந்த டை ராடைப் பற்றவைத்து ஓட்டக் கூடாது. கழற்றிய காட்டர் பின்னைத் திரும்பப் போடக் கூடாது. அதன் விலை மிகச் சொற்பம். அது காப்பதோ பத்துப் பேரின் உயிர்.

குறை தெரியும் இடம் வேறு, குறை இருக்கும் இடம் வேறு. சோதித்தறிந்த பின்னரே திருத்த வேண்டும் என்பதை ஆய்வகமும் பட்டறையும் ஒரே குரலில் கற்பிக்கின்றன.