அரையால் வகுப்பதா, பாதியாக வகுப்பதா?



முப்பதை அரையால் வகுத்து, வருவதோடு பத்தைக் கூட்டுங்கள் பார்க்கலாம். இருபத்தைந்து என்று சொல்பவர்கள்தான் அதிகம். சரியான விடை 70. ‘பாதியாக வகு’ என்றால் 15. ‘அரையால் வகு’ என்றால் முப்பதுக்குள் எத்தனை அரை இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அது 60. ‘ஆக’ என்பதற்கும் ‘ஆல்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் 45!

இந்த மாதிரிக் கணக்கெல்லாம் நமக்குப் புதுசு இல்லீங்க. காரி நாயனாரின் ‘கணக்கதிகாரம்’ என்ற பழைய தமிழ் நூலில் கணக்குகள் செய்யுளாகவே இருக்கின்றன. பதம் பிரித்துப் பொருள் புரிந்தால்தான் கணக்கே ஆரம்பமாகும். பள்ளிக்கூடமே போகாத எங்க அம்மாயிக்கும் புறாக் கணக்கு தெரியும். பறந்து போன புறாக் கூட்டத்தைப் பார்த்து, “நீங்க நூறு பேரா?” என்று ஒரு ஒற்றைப் புறா கேட்டதாம். “நாங்களும், எங்களைப் போல இன்னொரு பங்கும், எங்களில் பாதியும், அதில் பாதியும், உன்னையும் சேர்த்தால் நூறு” என்று பதில் வந்ததாம். அப்படியானால் கூட்டத்தில் எத்தனை புறா?

இங்கே ‘அதில்’ என்பது எதைக் குறிக்கிறது? கூட்டத்தை என்று எடுத்தால், இன்னொரு பாதி சேர்ந்து 33 என்று வரும். ஆனால் 33-இல் பாதி பதினாறரை. அரைப் புறா எப்படிங்க பறக்கும்? ‘பாதியில் பாதி’ என்று எடுத்தால் 36. கூட்டிப் பாருங்கள்: 36 + 36 + 18 + 9 + 1 = 100. எந்தப் பொருள் சரி என்று கணக்கே சொல்லிவிடுகிறது.

ஒர்க்ஷாப்பில் அப்படி இல்லை. கணபதி, பீளமேடு பக்கம் ஒரு லேத் பட்டறையில் “ஒரு எம்.எம். எடுப்பா” என்கிறார்கள் என்று வையுங்கள். 50 எம்.எம். விட்டமுள்ள ஜாபில் டூலை 1 எம்.எம். உள்ளே தள்ளினால், ஜாப் சுற்றுவதால் எல்லாப் பக்கமும் வெட்டி, விட்டம் 48 ஆகிவிடும். அவர் சொன்னது விட்டத்தில் 1 எம்.எம். என்றால் 49 தான் வேண்டும், அரை எம்.எம். தள்ளினால் போதும். டயலும் சில லேத்தில் ஆரத்தைக் காட்டும், சிலதில் விட்டத்தைக் காட்டும். செதுக்கிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

நம்மில் பலர் என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். ‘டிப்ளமா படிக்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா’ என்பார்களோ என்ற பயத்தில் வாயைத் திறப்பதில்லை. பயப்படாதீங்க! “விட்டத்திலாங்க, ஒரு பக்கத்திலாங்க?” என்று கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் வேலை தெரியும்.

கடைசியாக ஒன்று. 10 மீட்டர் கம்பியை ஒவ்வொரு மீட்டராகத் துண்டு போட எத்தனை வெட்டு வேண்டும்? துண்டு எத்தனை என்று கேட்கவில்லை, கவனம்!