ஊதாக் கட்டி கடைவாய்ப்பல் ஆகும், தெரியுமா?

விரல்நுனி அளவில் ஊதா நிறப் பீங்கான் கட்டி ஒன்று. அதைக் கடைந்து, சுமார் 840 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து எடுத்தால் ஊதா மறைந்து அசல் பல்லின் நிறமே வந்துவிடும்! இந்தப் பீங்கானுக்கு லித்தியம் டைசிலிகேட் என்று பெயர். கடைவதற்கு வாகாக அரைகுறையாக முற்றிய நிலையில்தான் கட்டி வரும். சூளைக்குள் படிகங்கள் வளர, வலிமை இரண்டு மடங்குக்கும் மேலே ஏறுகிறது!

பல் மருத்துவரிடமே பீங்கானைக் கருவியால் கடைந்து பொருத்தும் முறையின் தொடக்கம் எப்போது தெரியுமா? 1985 செப்டம்பர் 19, சூரிச் பல்கலைக்கழகம். பல் மருத்துவர் வெர்னர் மோர்மனும் பொறியாளர் மார்கோ பிராண்டெஸ்டினியும் உருவாக்கிய செரெக் கருவி செதுக்கிய பீங்கான் துண்டு, முதன்முதலாக ஒருவரின் பல்லில் பொருத்தப்பட்டது. அந்தக் கருவிக்கு மெல்லும் பரப்பின் மேடுபள்ளம் செதுக்க வராது. அதை மருத்துவரே கையால் தீட்டினார்! இன்றைய கருவியோ எதிர்ப்பல் எங்கே இடிக்கும் என்பதுவரை கணக்குப் போடுகிறது.

கடைவாய்ப்பல்லைத் துளைப்பது மட்டும் மிகப் பழைய வித்தை. பலூசிஸ்தானின் மெஹர்கரில், குறைந்தது 7,500 ஆண்டுகளுக்கு முன் கல்முனையால் துளைத்த 11 கடைவாய்ப்பற்கள் கிடைத்திருக்கின்றன!

எனக்கு இந்தப் பீங்கான் துண்டில் பெரிய அதிசயம், மிச்சப்படும் பல்தான். முழு கேப் போட்டால் சுற்றிலும் ராவ வேண்டும். நல்ல எனாமலும் சேர்ந்து போகும். ஆன்லே, அதாவது பல்லின் ஒரு பகுதியை மட்டும் மூடும் துண்டு போட்டால், பெரும்பாலும் கெட்டுப்போன இடத்தை மட்டும் எடுத்தால் போதும். அந்தத் துண்டு எப்படிப் பிடித்து நிற்கிறது? பீங்கானின் உள்பக்கத்தை ஓர் அமிலம் அரிக்கும், எனாமலை இன்னொரு அமிலம் அரிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பள்ளங்களுக்குள் பிசின் இறங்கி இறுகிவிடும். எனாமலை இப்படி அரித்து ஒட்டலாம் என்று மைக்கேல் புவோனகோர் எழுதியது 1955இல்!

இப்போது கொல்லிமலைக்கு வாருங்கள். மலைமேல் உள்ள திருப்புலி நாட்டுக்காரர் ஒருவர் பல்லுக்காக அடிவாரத்துக் காரவள்ளிப் பக்கம் இறங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பழைய முறையில் அச்சு எடுக்க ஒரு தடவை, பொருத்த மறுபடியும் ஒரு தடவை. இரண்டு நாள் கூலியும் போச்சு. கடையும் எந்திரம் உள்ள இடத்தில் காலையில் போய் உட்கார்ந்தால் அன்றைக்கே பல்லோடு திரும்பலாம். நகரத்தாரைவிட மலைக்காரருக்கே இது அதிகம் தேவை என்பேன். அதோடு, வாய்க்குள் படம் பிடிக்கும் ஸ்கேனர் கையடக்கமானது, மடிக்கணினியோடு ஜீப்பில் ஏற்றிவிடலாம். மலைமேல் எடுத்த பல்லின் வடிவம் இணையத்தில் இறங்கிச் சேலத்துக்கோ திருச்செங்கோட்டுக்கோ போக ஒரு வளைவும் தேவையில்லை!