பத்துப் பவுன் அரைப் பவுனான கணக்கு

60, 250, 490. இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா நடத்தும் தேர்வுகளை எழுதுகிறவர்களுக்கு இந்த மூன்று எண்களும் மனப்பாடம். லைசென்ஷியேட்டுக்கு 60 புள்ளி, அசோசியேட்டுக்கு 250, ஃபெல்லோஷிப்புக்கு 490. தாள்களுக்கும் எண்தான் பெயர். தீக் காப்பீடு ஐசி-57, கடல் காப்பீடு ஐசி-67, பொறுப்புக் காப்பீடு ஐசி-74, இடர் மேலாண்மை ஐசி-86. பல்கலைக்கழகங்களின் பி.காம்., எம்.பி.ஏ. வகுப்புகளிலும் இதே சங்கதிகள்தாம் வேறு தலைப்புகளில் வருகின்றன. ராயபுரத்தில் பஸ் ஏறி எண்ணூரில் இறங்குகிற மாணவர் இந்த நான்கையும் ஜன்னலோரம் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். குடோன், துறைமுகம், எண்ணெய்க் கிடங்கு, ரசாயன ஆலை, நடுநடுவே வீடுகள்.

குடோனில் தொடங்கலாம். உள்ளே ஒரு கோடி ரூபாய்க்குச் சரக்கு இருக்கிறது. பிரீமியத்தை மிச்சம் பிடிக்க உரிமையாளர் 60 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுக்கிறார். தீப்பிடித்து 20 லட்சம் ரூபாய்ச் சரக்கு போய்விடுகிறது. பாலிசித் தொகைக்குள்தானே நஷ்டம், 20 லட்சமும் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பார். சர்வேயர் போடுகிற கணக்கு வேறு: 20 × 60 ÷ 100 = 12 லட்சம். மீதி 8 லட்சம் உரிமையாளர் தலையில். மதிப்பைக் குறைத்துக் காட்டியவர் அந்தக் குறைவின் விகிதத்துக்கு நஷ்டத்திலும் பங்கு ஏற்க வேண்டும் என்பதுதான் சராசரி விதி. 2021 ஏப்ரல் 1 முதல் வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசி, 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறு தொழிலுக்கானது. அதில் 15 சதவீதம் வரையிலான குறைவைக் கண்டுகொள்வதில்லை. நம் குடோன்காரரின் குறைவு 40 சதவீதம். அவர் தப்ப முடியாது.

கடல் தாளுக்கு உதாரணம் தேடி லண்டன் வரை போக வேண்டாம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் தொட்டிகள் எரிந்தன. இன்றைக்கு அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று தேர்வில் கேட்கலாம். கடலில் மிதக்கும் சரக்குக்குத் தனிப் பிரீமியம் கட்டிப் போர்க் காப்பு வாங்க முடியும். கரையில் நிற்கும் தொட்டிக்கு வழக்கமான தீ பாலிசி போரை ஏற்காது. எரிந்தது ஒரே எண்ணெய்தான் என்றாலும், எங்கே இருந்தபோது எரிந்தது என்பதில் பணம் இருக்கிறது.

2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. எண்ணெய் எதுவும் கொட்டவில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு திருவொற்றியூர்க் கரையில் கரிய கூழை வாளி வாளியாக ஆட்கள் கையால் அள்ளியதை நாடே பார்த்தது. கப்பல் எரிபொருள் கசிவுக்கான 2001ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை இந்தியாவுக்கு 2015இலேயே நடைமுறைக்கு வந்திருந்தது. 1,000 டன் கொள்ளளவைத் தாண்டிய கப்பல் ஒவ்வொன்றும் காப்பீடு வைத்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் கப்பல்காரரை விட்டுவிட்டு நேரே காப்பீட்டாளரிடமே கேட்கலாம். வாளி பிடித்த எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

காப்பீடு வாங்குவதற்கு முந்தைய வேலையைச் சொல்லித்தருவது ஐசி-86. 2015இல் சுங்கத் துறை பிடித்த 740 டன் அமோனியம் நைட்ரேட், 37 கன்டெய்னர்களில் மணலி சரக்குப் பெட்டக நிலையத்தில் ஐந்தாண்டு கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட்டில் 2,750 டன் வெடித்த பிறகுதான் அது பலர் கண்ணில் பட்டது. மிச்சமிருந்த 697 டன், பெய்ரூட் இருப்பில் ஏறத்தாழ கால் பங்கு. அதே மாதம் லாரிகளில் ஹைதராபாத் பக்கம் போயிற்று. தவிர்ப்பது, குறைப்பது, மாற்றிவிடுவது, தாங்கிக்கொள்வது என்று பாடநூல் சொல்லும் நான்கு வழிகளில் இது முதலாவது. லாரி வாடகையோடு முடிந்த இடர் மேலாண்மை. அதற்கு ஐந்தாண்டு பிடித்தது என்பதையும் வினாத்தாளில் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி ஐசி-74. எனக்கு இந்தத் தாளில்தான் கணக்கு உதைக்கிறது.

போபாலுக்குப் பிறகு வந்தது பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், 1991. அபாயகரமான பொருளைக் கையாளும் ஒவ்வொருவரும் பாலிசி எடுக்க வேண்டும். விபத்து நடந்தால் யார் மீது தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாமல், மாவட்ட ஆட்சியர் நிவாரணம் வழங்கலாம். நல்ல சட்டம். அதன் அட்டவணையைப் பார்ப்போம். உயிரிழப்புக்கு 25,000 ரூபாய். மருத்துவச் செலவு 12,500 வரை. சொத்துச் சேதம் 6,000 வரை. கூலி இழப்பு மாதம் 1,000 வீதம் மூன்று மாதம். அதுவும் மூன்று நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தால்தான்.

1991இல் ஒரு பவுன் சுமார் 2,500 ரூபாய். 25,000 ரூபாய்க்குப் பத்துப் பவுன் வாங்கலாம். 2023 டிசம்பரில் பவுன் 47,000 ரூபாயை ஒட்டி இருந்தது. அதே 25,000க்கு அரைப் பவுனும் சொச்சமும். அட்டவணை மட்டும் அசையவில்லை. இந்த வரம்புகள் பிறகு திருத்தப்பட்டன. ஆனால் அந்த டிசம்பரில் நடப்பில் இருந்தது பழைய கணக்குதான்.

அந்த டிசம்பரைத்தான் தேதியோடு பார்க்க வேண்டியிருக்கிறது. 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் கப்பலிலிருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. ஆலை வாசலில் காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா, அனுமதி 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், அனுமதி 5. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வெளியேறியது 67.63 டன் என்றது தொழில்நுட்பக் குழு, 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடாகப் பரிந்துரைக்கப்பட்டது. வகுத்தால் டன்னுக்கு 8.75 லட்சம். ஐம்பது பேருக்கும் சட்டப்படியான மருத்துவ உச்சவரம்பு முழுவதையும் கொடுத்தாலும் 6.25 லட்சம்தான் ஆகும், அதாவது அந்த 5.92 கோடியில் ஏறத்தாழ ஒரு சதவீதம். முக்கால் டன் வாயுவுக்கும் குறைவான விலை.

அதற்கு மூன்று வாரம் முன்னால் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. மணலி சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து அது வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை படிந்தது. மாநில அரசு அறிவித்த நிவாரணக் கணக்கு இது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, படகு பழுதுபார்க்க 787 படகுகளுக்குத் தலா 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. பெருக்கிக் கூட்டினால் 2.88 + 0.79 + 5.02, மொத்தம் 8.69 கோடியைத் தொட்டு நிற்கும். படகை விட்டுவிட்டுப் பார்த்தால் குடும்பத்துக்குச் சராசரி 8,800 ரூபாய்கூட இல்லை. இது காப்பீட்டுப் பணமும் அல்ல, அரசாங்கப் பணம். மாற்றிவிடப்பட்டிருக்க வேண்டிய இடரைக் கருவூலம் தாங்கிக்கொண்டது என்று இடர் மேலாண்மை மாணவர் எழுதினால் முழு மதிப்பெண் போடலாம்.

சர்வேயரின் கண்ணோடு ஒரு வலையைப் பாருங்கள். எண்ணெய் தோய்ந்த நைலான் வலையை அலசி எடுக்க முடியாது. வெட்டிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும். சந்தை மதிப்பில் கணக்கிட்டால் பழைய வலைக்குத் தேய்மானம் கழியும். கையில் வருவது பழைய வலையின் விலை, கடையில் கேட்பது புது வலையின் விலை. வலைக்காவது விலை என்று ஒன்று இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களிடம் மதிப்பிட எதுவும் இல்லை. ஒன்றைக் காப்பீடு செய்ய அதில் சட்டம் ஏற்கும் நலன் இருக்க வேண்டும் என்பது முதல் பருவப் பாடம். ஆறு அவர்களுடைய சொத்து அல்ல. அதனால் ஆற்றை அவர்கள் காப்பீடு செய்ய முடியாது. இறால் பட்டுப்போனால் பேரேட்டில் அந்த வரி காலி.

நாட்டு நிலவரத்தையும் பக்கத்தில் வைக்கலாம். 2023-24இல் இந்தியாவின் காப்பீட்டுப் பிரீமியம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.7 சதவீதம். ஆயுள் காப்பீட்டைக் கழித்தால் 1 சதவீதம். தீ, கடல், வாகனம், மருத்துவம், பொறுப்பு எல்லாம் அந்த ஒன்றுக்குள்.

பணமே இல்லையா என்றால், இருக்கிறது. 1991 சட்டப்படி ஆலைக்காரர்கள் பாலிசிப் பிரீமியத்துக்குச் சமமான தொகையைச் சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்கும் கட்ட வேண்டும். 2008இல் அதற்கான திட்டம் அறிவிக்கப்பட்டபோது, சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ்தான் நிதியை நிர்வகிக்க அமர்த்தப்பட்டது. கேட்டு வருபவர் குறைவு என்பதால் அது பல நூறு கோடியாக வளர்ந்து கிடந்தது. பெரியகுப்பத்துக்கும் அந்த நிறுவனத்தின் தலைமையகம் அப்போது இருந்த ஒயிட்ஸ் ரோட்டுக்கும் நடுவே இருபது கிலோமீட்டர் சொச்சம்.

கேட்கும் வழி சிக்கலானதல்ல. விதிகளில் படிவம் 1 என்று ஒரு விண்ணப்பம் இருக்கிறது. ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும். விபத்து நடந்து ஐந்தாண்டுக்குள் கொடுத்தால் போதும். காப்பீடு படிக்கும் வடசென்னைப் பிள்ளைகளுக்குச் செயல்முறைத் தேர்வு வைக்க வேண்டுமென்றால் இந்தப் படிவத்தையே வைக்கலாம். ஆளுக்கு ஒரு பெரியகுப்பத்து வீடு. அமோனியாக் கசிவுக்கான கெடு 2028 டிசம்பர் 26.